எண் காட்டும் நியான் குழல்



என் பாட்டனார் வீட்டுக் கூடத்தில் மரப்பெட்டி வானொலி ஒன்று இருந்தது. அதன் முகப்பில், அலைவரிசை எண்களுக்கு மேலே, பச்சை நிறத்தில் ஒரு சிறு கண் ஒளிரும். குமிழைத் திருப்பும்போது அந்தப் பச்சை ஒளியின் நடுவே உள்ள நிழல் விரிந்தும் குறுகியும் அசையும். நிழல் மிகவும் குறுகி நிற்கும் இடந்தான் நிலையம் சரியாகச் சிக்கிய இடம். ரேடியோ மெக்கானிக்குகள் அதை 'மாஜிக் ஐ' என்பார்கள். நாங்கள் மாயக்கண் என்போம். ஒலியைக் கேட்பதற்கு முன்பே கண்ணால் காட்டிவிடும் அந்தக் குழலைச் சிறுவனாகிய நான் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன் என்பதற்குக் கணக்கில்லை.

1930-களில் அமெரிக்காவில் பிறந்த அந்த மாயக்கண், சூடான முனையிலிருந்து புறப்படும் எலெக்ட்ரான்கள் ஒரு பூச்சின் மேல் மோதுவதால் ஒளிர்வது. அதற்கு ஒரு தம்பி உண்டு. மாயக்கண் 'நிலையம் வந்துவிட்டது' என்று மட்டும் சொல்லும். தம்பியோ 0 முதல் 9 வரையுள்ள எண்களையே எழுதிக் காட்டுவான். அவன் பெயர் நிக்ஸி. உத்தனப்பள்ளியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, என் வீட்டுத் திண்ணையில், சாக்குப்பையில் சுற்றிய ஒரு பழைய இரும்புப் பெட்டிக்குள் இருந்து ஆறு நிக்ஸிக் குழல்கள் வெளிப்பட்டன. அன்று தொடங்கிய வேலையைப் பற்றியே இன்று உங்களோடு பேசப் போகிறேன்.

உத்தனப்பள்ளி ஓசூரிலிருந்து இராயக்கோட்டை செல்லும் சாலையில் உள்ள ஊர். ஒரு பக்கம் தக்காளியும் முட்டைக்கோசும் விளையும் வயல்கள். மற்றொரு பக்கம் தொழிற்சாலைகள். அருகே நாகமங்கலத்தில் டாட்டா எலெக்ட்ரானிக்ஸ் ஆலை எழுந்த பிறகு, கைப்பேசியின் பாகங்கள் எங்கள் மண்ணிலேயே உருவாகின்றன. வட்டாரத்து ஆலைகளில் என்னிடம் படித்த பிள்ளைகள் பலர் வேலை செய்கிறார்கள். பெட்டியைக் கொண்டுவந்தவளும் என் பழைய மாணவிதான். ஓசூரில் ஒரு காயலான் கடையில் எடைக்கு வாங்கினாளாம். ஏதோ ஓர் ஆலையில் அதிர்வெண்ணை எண்ணிக் காட்டுவதற்காக ஒரு காலத்தில் உபயோகப்பட்ட கருவி அது.

"எதற்கம்மா இது உனக்கு?" என்று கேட்டேன்.

"சார், ஒரு ஷிப்டில் ஆயிரக்கணக்கான பாகங்கள் என் கை வழியாகப் போகின்றன. அவற்றில் ஒன்றாவது உள்ளே என்ன செய்கிறதென்று எனக்குத் தெரியாது. ஏதாவது ஒன்றை முதலிலிருந்து கடைசிவரைக்கும் நானே செய்து பார்க்க வேண்டும். இதைக் கடிகாரமாக்கலாமா?" என்றாள். சொல்லிக்கொண்டே மின்கம்பியின் முளையைச் சுவரில் செருகப் போனாள்.

நான் கையைப் பிடித்துக்கொண்டேன். தலைமையாசிரியனாக இருந்த காலமெல்லாம் 'தொடாதே' என்ற சொல்லை நான் சொன்னதைப் போல வேறெந்தச் சொல்லையும் சொன்னதில்லை. அதனால் எத்தனை பிள்ளைகளின் ஆவல் அணைந்ததோ என்ற உறுத்தல் எனக்கு உண்டு. ஆயினும் அன்று அந்தச் சொல்லைச் சொல்லக் காரணம் இருந்தது. கல்லூரியில் படித்த நாளில், மின்கம்பியைக் கழற்றிவிட்டோம் என்ற தைரியத்தில் ஒரு வானொலிப் பெட்டிக்குள் கைவிட்டேன். அதனுள் இருந்த மின்தேக்கி, மெக்கானிக்குகள் கண்டென்சர் என்பது, தன்னுள் தேங்கிய மின்சாரத்தை என் கை வழியாகக் கொட்டியது. நான் பின்னால் போய் அலமாரியில் மோதி விழுந்தேன். நம் வீட்டு 230 வோல்ட் மாறு மின்சாரத்தை அப்படியே நேர் மின்சாரமாக்கித் தேக்கினால், அது 325 வோல்ட் வரை ஏறி நிற்கும். கம்பியைப் பிடுங்கியவுடன் அது போய்விடுவதில்லை.

ஆகவே முதல் நாள் நாங்கள் செய்த வேலை இதுதான்: பெட்டியைச் சுவரோடு இணைக்கவே இல்லை. மூடியைத் திறந்து, 10 ஆயிரம் ஓம் கொண்ட பெரிய தடையொன்றின் இரு கால்களையும் காப்பிட்ட இடுக்கியால் பிடித்து, ஒவ்வொரு மின்தேக்கியின் குறுக்கேயும் சில வினாடிகள் வைத்தோம். பிறகு மீட்டரால் அளந்து, ஊசி பூஜ்யத்தில் நிற்பதைக் கண்ட பின்னரே கை வைத்தோம். வேலை செய்யும்போது ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளச் சொன்னேன். ஒரு கை வழியாக ஏறி மறு கை வழியாக இறங்கும் மின்சாரம் இதயத்தின் ஊடே போகும் என்பதே காரணம். அவள் சிரித்தாள், ஆனால் கையைப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

இனிக் குழலைப் பார்ப்போம். கட்டை விரல் பருமன் உள்ள கண்ணாடிக் குப்பி. அதற்குள் மெல்லிய கம்பியை வளைத்துச் செய்த பத்து எண்கள், ஒன்றன்பின் ஒன்றாக, தட்டுகளை அடுக்கியதுபோல அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வோர் எண்ணும் ஓர் எதிர்மின்முனை. எல்லாவற்றுக்கும் பொதுவாக, வலைபோன்ற நேர்மின்முனை ஒன்று. இதை வெற்றிடக் குழல் என்று சிலர் சொல்லுவது தவறு. குப்பிக்குள் குறைந்த அழுத்தத்தில் நியான் வாயு நிரம்பியிருக்கிறது. அந்த வாயுதான் ஒளிர்கிறது, கம்பி ஒளிர்வதில்லை. பழைய மின்விளக்கின் இழைபோல இதில் எதுவும் பழுக்கக் காய்வதும் இல்லை.

நியான் நாம் மூச்சுவிடும் காற்றிலேயே இருக்கிறது. பத்து லட்சம் பங்கு காற்றில் 18 பங்கு. இலண்டனில் 1898-ஆம் ஆண்டு வில்லியம் ராம்சே, மாரிஸ் டிராவர்ஸ் என்னும் இரு விஞ்ஞானிகள், குளிர்வித்துத் திரவமாக்கிய வாயுவைப் பகுதி பகுதியாக ஆவியாக்கி இதைப் பிரித்தெடுத்தனர். குழாயில் அடைத்து மின்சாரம் செலுத்தியபோது செந்தழல் போன்ற ஒளி எழுந்தது. புதியது என்று பொருள்படும் பெயரை வைக்கலாமே என்று சொன்னவன் ராம்சேயின் பதின்மூன்று வயது மகன். அவன் சொன்னது இலத்தீன் சொல். தந்தையார் அதைக் கிரேக்கத்துக்கு மாற்றி நியான் என்றார். அந்த டிராவர்ஸ்தான் பின்னர் 1906-இல் இந்தியாவுக்கு வந்து, பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் முதல் இயக்குநராகி, 1914 வரை பணிபுரிந்தார். எங்களுக்குப் பட்டணம் என்றால் பெங்களூர்தான். நியானைக் கண்டறிந்தவர்களில் ஒருவர் எங்கள் எல்லைக்கு அப்பால் அடுத்த வீட்டில் வாழ்ந்தவர் என்பதை என் மாணவியிடம் சொன்னபோது அவள் நம்பவில்லை. கைப்பேசியில் தேடிப் பார்த்த பிறகே நம்பினாள்.

ஒளி எப்படி எழுகிறது? இரு முனைகளுக்கும் இடையே ஏறத்தாழ 170 வோல்ட் மின்னழுத்தம் கொடுக்கிறோம். வாயுவில் எப்போதும் தனித்துத் திரியும் எலெக்ட்ரான்கள் சில இருக்கும். அவை நேர்முனையை நோக்கி விரைகின்றன. வழியில் நியான் அணுவில் மோதி, அதிலிருந்து வேறோர் எலெக்ட்ரானைப் பிடுங்குகின்றன. ஒன்று இரண்டாகிறது, இரண்டு நான்காகிறது. எலெக்ட்ரானை இழந்த அணு எதிர்முனையை நோக்கிப் பாய்ந்து, அந்தக் கம்பியில் மோதி, மேலும் எலெக்ட்ரான்களைக் கிளப்புகிறது. இந்தப் பரபரப்பெல்லாம் எதிர்முனைக் கம்பியை ஒட்டியே மிகுதியாக நடக்கிறது. மோதலால் கிளர்ந்த அணுக்கள் தம் பழைய நிலைக்குத் திரும்பும்போது ஆரஞ்சு நிற ஒளியை உமிழ்கின்றன. ஆகவே எந்த எண்ணின் கம்பியை மின்சுற்றில் சேர்க்கிறோமோ, அந்த எண்ணுக்கு ஒளிப் போர்வை போர்த்தியதுபோலத் தோன்றுகிறது. நியானோடு சிறிதளவு ஆர்கானைக் கலந்தால் ஒளி எழுவதற்கு வேண்டிய மின்னழுத்தம் குறையும்; குழல் செய்தவர்கள் இந்த யுக்தியை நன்கு அறிந்திருந்தார்கள்.

ஒன்று இரண்டாகி நான்காகும் இந்தப் பெருக்கத்தில் ஓர் ஆபத்தும் உண்டு. ஒளி எழுந்ததும் வாயு மின்சாரத்துக்கு வழிவிட்டுவிடுகிறது. தடுப்பாரில்லாவிட்டால் மின்னோட்டம் ஏறிக்கொண்டே போய்க் குழலை அழித்துவிடும். எனவே நேர்முனைக்கு முன்னால் ஒரு தடையை வைப்பது கட்டாயம். எவ்வளவு பெரிய தடை? பள்ளிக்கூடத்து ஓம் விதியே போதும். நம் ஊற்று 170 வோல்ட். எரியும் குழலின் குறுக்கே நிற்பது சுமார் 140 வோல்ட். மிச்சமுள்ள 30 வோல்ட்டும் தடையின் மேல் விழ வேண்டும். நமக்கு வேண்டிய மின்னோட்டம் 2 மில்லி ஆம்பியர். முப்பதை 0.002-ஆல் வகுத்தால் 15,000 ஓம். எங்கள் குழல்களின் மீதிருந்த எழுத்துகள் தேய்ந்துவிட்டதால் அவற்றின் இயல்பு எங்களுக்குத் தெரியாது. ஆகவே 33,000 ஓமில் தொடங்கிப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு வந்தோம். எண் முழுவதும் சீராக ஒளிர்ந்த இடத்தில் நிறுத்தினோம். அதுவும் 15,000-தான். கணக்கும் கையும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்த அந்தக் கணத்தில் அவள் முகத்தில் இருந்த ஒளி, குழலின் ஒளிக்குக் குறைந்ததன்று.

அமெரிக்காவின் பரோஸ் நிறுவனம் 1955-இல் இந்தக் குழல்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இங்கிலாந்தில் 1961-இல் விற்பனைக்கு வந்த அனிதா என்னும் மேசைக் கணக்கு இயந்திரம் விடையை இத்தகைய குழல்களிலேயே காட்டியது. ஆய்வுக்கூடம், ஆலை, விமான நிலையம் எங்கும் இவை நிறைந்தன. 1970-களில் ஒளிரும் டையோடுகள் வந்தன. ஐந்து வோல்ட்டில் எரியும், உடையாத, மலிவான எண்கள். நிக்ஸியின் காலம் முடிந்தது. சோவியத் நாட்டில் மட்டும் இன்னும் சில காலம் செய்தார்கள். இன்று பொழுதுபோக்காளர் கைகளில் உள்ளவற்றில் பெரும்பாலானவை அந்தப் பழைய இருப்பே. செக் நாட்டில் டாலிபோர் ஃபார்னி என்பவர் மறைந்துபோன கலையைத் தாமே கற்று, புதிய குழல்களைக் கையால் செய்து வருகிறார். நம்மவர் யாரேனும் அக்கலையைப் பயின்றால் ௧, ௨, ௩ என்று தமிழ் எண்கள் ஒளிரும் குழல் செய்யலாம். கம்பியை வளைப்பதுதானே வேறுபாடு! இது என் ஆசை. நிற்க.

இனி மற்றொரு பாதி. குழல் எண்ணைக் காட்டும், எண்ணத் தெரியாது. பழைய கருவியில் எண்ணும் வேலையை முப்பது நாற்பது சில்லுகள் பகிர்ந்துகொண்டன. இன்று அந்த வேலை முழுவதையும் மைக்ரோகன்ட்ரோலர் என்னும் ஒரே சில்லு செய்துவிடுகிறது. கணிப்பொறியின் மூளை, நினைவகம், வெளியுலகோடு பேசும் கால்கள் ஆகிய மூன்றையும் ஒரே சிலிக்கான் துண்டில் அடக்கியது அது. நாங்கள் எடுத்துக்கொண்டது 2005-இல் இத்தாலியின் இவ்ரியா நகரில் மாணவர்களுக்காகத் தோன்றிய ஆர்டுயினோ பலகை. அதன் சில்லுக்குக் கட்டளைகளை வைத்துக்கொள்ள இருக்கும் இடம் 32 கிலோபைட். வினாடிக்கு 1 கோடியே 60 லட்சம் துடிப்பு. இன்றைய கைப்பேசியோடு ஒப்பிட்டால் எறும்பு. கடிகாரத்துக்கு அந்த எறும்பே அதிகம்.

ஆனால் எறும்புக்கு இருபது கால்கள்தான். ஆறு குழல், குழலுக்குப் பத்து எண். அறுபது கம்பிகளை இருபது கால்களால் ஆள்வது எப்படி? இங்கேதான் என் மாணவி ஒரு வாரம் திகைத்தாள். வேண்டுமென்றே நான் வாய் திறக்கவில்லை. பழைய பலகையிலேயே விடை இருந்தது. அதில் ஒவ்வொரு குழலுக்கும் பின்னால் 74141 என்று எழுதிய சில்லு ஒன்று அமர்ந்திருந்தது. நான்கு கம்பிகளை உள்வாங்கி, பத்தில் ஒன்றைத் திறப்பது அதன் தொழில். நான்கு கம்பிகளுக்கும் 1, 2, 4, 8 என்று மதிப்பு வைத்துக்கொள்ளுங்கள். 1, 2, 4 மூன்றிலும் மின்சாரம் இருந்தால் கூட்டுத்தொகை 7. ஏழாம் எண்ணின் கம்பி திறக்கும். 8-உம் 1-உம் என்றால் 9. காய்கறிக் கடையில் நான்கே எடைக்கற்களை வைத்துக்கொண்டு எல்லா எடையும் நிறுப்பது போல.

இப்போது அறுபது இருபத்து நான்காகக் குறைந்தது. இன்னும் நான்கு அதிகம். அதற்கு 74595 என்னும் பதிவுச் சில்லு உதவியது. செய்திகளை ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் வாங்கிக்கொண்டு, கட்டளை வந்ததும் எட்டுக் கால்களிலும் ஒரே சமயத்தில் வெளியிடும் இயல்புடையது அது. மூன்றைத் தொடராகக் கட்டினால் இருபத்து நான்கு கால்கள். அவற்றை ஆள மைக்ரோகன்ட்ரோலரில் மூன்றே மூன்று கால்கள் போதும்! அறுபது மூன்றில் அடங்கிய கதை இது. பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக்குப் போய், கடை கடையாக ஏறி இறங்கி, மூன்று பதிவுச் சில்லுகளை வாங்கிவந்தாள். பழைய பலகையிலிருந்து ஆறு 74141 சில்லுகளையும் அவளே பற்றுவைப்பை உருக்கிக் கழற்றினாள். ஆலைப் பழக்கமுள்ள கை. ஒரு காலும் ஒடியவில்லை.

நேரத்தை யார் சொல்வது? மைக்ரோகன்ட்ரோலர் தன் துடிப்பையே எண்ணிச் சொல்லலாம். ஆனால் வெப்பத்தால் அது நாளுக்குச் சில வினாடிகள் பிசகும். ஆகவே டி.எஸ். 3231 என்னும் கடிகாரச் சில்லை வைத்தோம். அதனுள்ளே இசைக்கவை போன்ற சிறு குவார்ட்ஸ் படிகம் வினாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. ஏன் இந்த வினோதமான எண்? இரண்டால் வகுத்துக்கொண்டே வாருங்கள். 16,384, 8,192, 4,096... பதினைந்தாம் முறை சரியாக 1 வரும். பாதியாக்குவது மின்சுற்றுக்கு மிக எளிய வேலை. பதினைந்து முறை பாதியாக்கினால் வினாடிக்கு ஒரு தட்டு கிடைத்துவிடுகிறது. 1984-இல் தோன்றிய டைட்டன் நிறுவனம் ஓசூர் ஆலையில் செய்யத் தொடங்கிய குவார்ட்ஸ் கைக்கடிகாரங்களும் இதே தத்துவத்தால் ஓடுபவையே. 3231 சில்லு தன் வெப்பநிலையைத் தானே அளந்து பிசகைத் திருத்திக்கொள்வதால், ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு நிமிஷத்துக்கு மேல் தவறாது. பொத்தான் அளவு மின்கலம் ஒன்று அதற்கு உயிர் கொடுக்கிறது. மின்வெட்டு வந்தாலும் நேரம் நிற்பதில்லை.

கட்டளைகளை அவள் எழுதியது, பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த மடிக்கணினியில். மின்கலம் செத்துப்போன அந்தக் கணினி கம்பியில் மாட்டியிருந்தால்தான் ஓடும். 'வினாடி 59-ஐத் தாண்டினால் 0, நிமிஷத்தில் 1 கூட்டு' என்பது போன்ற சில வரிகளே அதன் சாரம். மணியைப் பன்னிரண்டோடு நிறுத்துவதா, இருபத்து நான்காக ஓட்டுவதா என்று கேட்டேன். "இருபத்து நான்குதான் சார். ஷிப்டுக்குப் போகிறவளுக்கு இரவும் பகலும் ஒன்றாக இருக்கக் கூடாது" என்றாள்.

எஞ்சியது 170 வோல்ட். சுவரிலிருந்து மின்சாரத்தை நேரே எடுக்கக் கூடாது என்று நான் நிபந்தனை வைத்திருந்தேன். கையில் இருந்தது 12 வோல்ட் தரும் சாதாரண அடாப்டர். பன்னிரண்டை நூற்றெழுபதாக்க முடியுமா? தோட்டத்தில் நீண்ட குழாய் வழியாகத் தண்ணீர் வேகமாக ஓடும்போது வாயைச் சட்டென்று மூடிப் பாருங்கள். குழாய் அதிர்ந்து துள்ளும். ஓடிக்கொண்டிருந்த நீர் நிற்க மனமின்றி முட்டுவதால், கணநேரம் அழுத்தம் பன்மடங்கு ஏறுகிறது. கம்பிச் சுருளில் ஓடும் மின்சாரத்துக்கும் அதே குணம். டிரான்சிஸ்டர் என்னும் கதவைத் திறந்து சுருளில் மின்சாரத்தை ஓடவிட்டுச் சட்டென்று மூடினால், மின்னழுத்தம் எகிறுகிறது. அந்தத் துள்ளலை ஒரு டையோடு வழியாக மின்தேக்கியில் பிடித்துக்கொள்ள வேண்டும். இதை வினாடிக்குப் பல்லாயிரம் முறை செய்தால் 170 வோல்ட் நிலையாகக் கிடைக்கும். ஆறு குழலுக்கும் சேர்த்து வேண்டிய ஆற்றல் சுமார் 2 வாட்தான்.

அடாப்டர் 12 வோல்ட் என்பதால் அலட்சியம் கூடாது. மின்தேக்கியில் நிற்பது 170. ஆகவே அதன் குறுக்கே 4 லட்சத்து 70 ஆயிரம் ஓம் தடையொன்றை நிரந்தரமாகப் பற்றவைத்தோம். எங்கள் மின்தேக்கி 2.2 மைக்ரோஃபாரட். இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ ஒரு வினாடி. அதன் மும்மடங்கு காலத்தில், அதாவது மூன்று வினாடிகளில், தேங்கியது 10 வோல்ட்டுக்குக் கீழே வடிந்துவிடும். இதையும் மீட்டரால் அளந்து பார்த்த பின்பே அவளைத் தனியாக வேலை செய்ய அனுமதித்தேன். நீங்களும் இத்தகைய வேலையில் இறங்குவதாயின், முதல் முறை அனுபவமுள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே இறங்குங்கள்.

ஆறு குழலையும் சோதித்தபோதுதான் குறை வெளிப்பட்டது. ஐந்து பழுதில்லாதவை. ஆறாவதில் 3 என்ற எண்ணின் மேல்பாதி மட்டும் ஒளிர்ந்தது, கீழ்ப்பாதி இருட்டு. காரணம் இதுதான். ஓர் எண் எரியும்போது நியான் அணுக்கள் அதன் கம்பியில் ஓயாமல் மோதி, உலோகத் துகள்களைச் சிதறடிக்கின்றன. எரியாமல் சும்மா இருக்கும் பக்கத்து எண்ணின் மேல் அத்துகள் படிந்து, நாளடைவில் ஒளி எழ விடாமல் தடுக்கும். துகள் சிதறுவதைக் குறைக்கவே பிற்காலக் குழல்களில் சிறிது பாதரசம் சேர்த்தார்கள். தொடக்கக் காலக் குழல்களின் ஆயுள் 5,000 மணி அளவே; பிற்காலத்தவற்றில் சில இரண்டு லட்சம் மணியையும் எட்டின. ஓராண்டுக்கு 8,760 மணி என்பதை நினைத்தால் வேறுபாடு விளங்கும். எங்கள் குழல் அந்த ஆலையில் எந்த இடத்தில் நின்றதோ, அங்கே 3 வரவேண்டிய வேலையே ஆண்டுக்கணக்கில் இல்லாதிருந்திருக்க வேண்டும். எண்ணின் நோயிலிருந்து கருவியின் வரலாற்றை ஊகிக்கலாம் போலும்.

வைத்தியம் உண்டு. நோயுற்ற எண்ணில் மட்டும் அளவுக்கு மேற்பட்ட மின்னோட்டத்தைச் சில மணி நேரம் செலுத்தினால், படிந்த துகள் பெயர்ந்து உதிரும். அவளுக்கு அதைச் செய்துவிட வேண்டும் என்று துடிப்பு. எனக்கோ தயக்கம். மிகுந்த மின்னோட்டம் கம்பியையே அரித்துவிடவும் கூடும். அதுபோன்ற குழல் இன்னொன்றுக்கு நாங்கள் எங்கே போவது? இரண்டு ஞாயிறுகள் இந்த விவாதத்திலேயே கழிந்தன. வேண்டாம் என்று நான் அதிகாரத்தால் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மூன்றாம் ஞாயிறு அவளே வந்து கேட்டாள்: "சார், மணியின் பத்தாம் இடத்தில் எந்தெந்த எண் வரும்?"

இருபத்து நான்கு மணிக் கடிகாரம். பத்தாம் இடத்தில் 0, 1, 2 மட்டுமே வரும். 3 ஒருநாளும் வராது. நோயுற்ற குழலுக்கு இடம் கிடைத்துவிட்டது.

ஆனால் அங்கே மற்றொரு சிக்கல். மூன்று எண்களை மட்டுமே எரிக்கும் அந்த இடத்தில், எரியாத ஏழு எண்களும் அதே நோய்க்கு ஆளாகும் அல்லவா? இதற்குக் குழல் தானே ஒன்றும் செய்ய முடியாது, மைக்ரோகன்ட்ரோலர் செய்யும். ஊர் உறங்கும் விடியற்காலம் மூன்று மணிக்குப் பத்து நிமிஷம் எல்லாக் குழல்களும் 0 முதல் 9 வரை மாறி மாறி எரியும்படி நான்கு வரிகள் சேர்த்தாள். முதல் குழலில் மட்டும், அந்தப் பத்து நிமிஷத்தில் பாதி நேரம் 3 நிற்கும்படி எழுதினாள். அளவு மீறாத மின்னோட்டத்தில், அவசரமில்லாத வைத்தியம். அவள் பக்கமும் என் பக்கமும் இரண்டும் அதில் அடங்கிவிட்டன.

கடிகாரம் முதலில் ஓடிய மாலை, என் மத்திய அலை வானொலி கரகரவென்று இரைந்தது. சுருளின் கதவு வினாடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடுவதால் எழும் மின்காந்த அலைகளே அதற்குக் காரணம். பண்பலையில் இத்தொல்லை தெரியவில்லை. சுருளைத் தகரப் பெட்டிக்குள் அடைத்து, பெட்டியைச் சுற்றின் தரைமுனையோடு இணைத்து, கம்பிகளைக் குட்டையாக வெட்டினோம். இரைச்சல் அடங்கியது. பிறகு வானொலிச் செய்திக்கு முன் வரும் நேர ஒலியைக் கேட்டு, கடைசி ஒலியில் பொத்தானை அழுத்தி, வினாடியைச் சரிசெய்தாள்.

இப்போது அது அவள் வீட்டில், தெய்வப் படங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. இரண்டாம் ஷிப்டு முடிந்து நள்ளிரவுக்குப் பின் வருபவள், சில நாட்களில் மூன்று மணி வரை விழித்திருந்து பார்க்கிறாளாம். முதல் மாதம் 3-இன் கீழ்ப்பாதி இருட்டாகவே இருந்தது. நான்காம் மாதம் அடிவளைவின் ஓரம் மட்டும் சிறிது ஒளிர்ந்தது. போன வாரம் சாலையில் என்னைக் கண்டபோது, பேருந்தின் சன்னலிலிருந்து கையை நீட்டி, கட்டை விரலாலும் சுட்டு விரலாலும் ஓர் அளவு காட்டினாள். அரிசி மணி அளவு இருட்டு மிச்சமிருக்கிறது.